குடிகாரன் தடமும் வெட்டச்சும்

ஒரு சதுரம், அதன் ஒரு மூலையில் வேறு நிறத் துணியில் கால் வட்டம். துணித் துண்டுகளை இணைத்துப் போர்வையாக்கும் அமெரிக்கக் குயில்ட் தையலில் வளைவுக் கட்டங்களுக்கு அடிப்படை இந்த இரண்டு துண்டுகள்தாம். கட்டங்களைத் திருப்பித் திருப்பி வைத்து இணைத்தால், தள்ளாடி நடப்பவன் போன வழியைப் போல ஒரு கோலம் விழும். 'குடிகாரன் தடம்' என்று அதற்குப் பெயர். மதுவிலக்குக்காக அமெரிக்கப் பெண்கள் திரண்ட காலத்தில் இந்தக் கோலம் பரவியது. பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்கு ஒன்றியம் 1874இல் தொடங்கப்பட்டது.

பார்வைக்கு எளிய இந்தக் கட்டம் தைப்பவரைப் படுத்துவதற்குக் காரணம் உண்டு. தையலுக்கென ஒவ்வொரு துண்டிலும் கால் அங்குலம் விட வேண்டும். அதனால் வெட்டும்போது கால் வட்டத்தின் ஆரம் கால் அங்குலம் கூடிவிடுகிறது. அது பொருந்த வேண்டிய குழிவின் ஆரமோ கால் அங்குலம் குறைந்துவிடுகிறது. ஆக, சேர வேண்டிய இரண்டு விளிம்புகளின் நீளத்தில் ஏறத்தாழ 0.8 அங்குலம் வேறுபாடு. கட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த அளவு மாறாது. சிறிய கட்டங்கள் கூடுதலாகத் தொல்லை கொடுப்பது இதனால்தான். வளைவின் நடுப்பகுதி கிராஸாக, அதாவது இழைகளுக்குச் சாய்வாக, விழுவதால் துணி தொட்டாலே நீளும். அட்டையைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் வரைந்து கத்தரிப்பதே பழைய முறை. அட்டையின் ஓரம் தேயத் தேய, முதல் துண்டுக்கும் நூறாவது துண்டுக்கும் அளவு மாறும். தகரத்தில் அளவு வெட்டி வைத்துக்கொண்டவர்கள் தேய்மானத்திலிருந்து தப்பினார்கள், கத்தரிக்கோலின் பிசகிலிருந்து அல்ல.

ஒரே வளைவைப் பிசகாமல் திரும்பத் திரும்ப வெட்டும் வழியைக் குயில்ட் உலகம் கண்டுபிடிக்கவில்லை. மற்றத் தொழில்களிடமிருந்து பெற்றது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் சேவியர் ஜூவென் 1830களில் கையுறைகளுக்கு அளவு வரிசை வகுத்து, தோலைக் கை வடிவில் வெட்டும் இரும்பு அச்சையும் உருவாக்கினார். அமெரிக்கக் காலணித் தொழிலாளர்கள் அடித்தோலை அச்சு வைத்து அறுத்தார்கள். புரூக்ளினில் ராபர்ட் கெய்ரின் அச்சகத்தில் 1879இல் நடந்தது ஒரு விபத்து: விதைப் பைகளில் மடிப்புக் கோடு போட வேண்டிய உலோகப் பட்டை இடம் பிசகிப் பைகளை வெட்டிவிட்டது. வெட்டுவதையும் மடிப்புக் கோடு போடுவதையும் ஒரே அழுத்தில் முடிக்கலாம் என்று அவர் கண்டார். அட்டைப்பெட்டித் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. மரப்பலகையில் எஃகுப் பட்டையை வேண்டிய வடிவுக்கு வளைத்துப் பதிக்கும் வெட்டச்சு அச்சகங்களில் நிலைத்தது. சிவகாசியில் 'டை கட்டிங்' என்றால் இன்றும் இதுவே.

துணித் துண்டுகளுக்கு இந்த அச்சு முதலில் வந்தது வீட்டுக்கு அல்ல, ஆலைக்கு. வளைவுத் துண்டுகளை வளையங்களாகக் கோக்கும் 'இரட்டைத் திருமண மோதிரம்' 1920களின் இறுதியில் பெரும் மோகமானது. 1930களில் சில நிறுவனங்கள் வெட்டச்சால் வெட்டிய துண்டுகளையே பெட்டியில் அடைத்து விற்றன. வாங்கியவர் தைத்தால் போதும். நிறத்தையும் துணியையும் தேர்வது மட்டும் அவர் கையில் இல்லாமல் போனது. அது சிறிய இழப்பல்ல.

1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சுழல்கத்தியை அறிமுகப்படுத்தியது. நேர்க்கோட்டு வேலை வெகுவாக விரைந்தது: அளவுகோலை வைத்து ஓட்டினால் பல அடுக்குத் துணி பட்டைகளாகிவிடும். வளைவுக்கு அந்த வசதி பெரிதாக உதவவில்லை. சுழல்கத்தி பரவிய ஆண்டுகளின் வடிவங்களில் பட்டையும் சதுரமும் முக்கோணமும் மிகுந்திருப்பது தற்செயலல்ல.

பள்ளிகளில் காகித எழுத்து வெட்டப் பயன்பட்ட கைக்கருவிகளின் வழியில், 2000களின் பிற்பகுதியில் குயில்ட்டுக்கென்றே வீட்டுக் கருவிகள் வந்தன. நெப்ராஸ்காவின் அக்யூகுயில்ட் அவற்றில் பெயர்பெற்றது. பலகையில் பதிந்த கத்தியைச் சுற்றி நுரைப்பஞ்சு இருக்கும். அதன்மேல் துணி, துணியின்மேல் பிளாஸ்டிக் தகடு. கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு உருளைகளுக்கிடையே எல்லாம் நசுங்கி வெளிவரும். ஆறு அடுக்குப் பருத்தித் துணி வரை ஒரே தடவையில் வெட்டலாம். பாவு நூல் உருளை நகரும் திசையில் இருக்குமாறு துணியை வைக்க வேண்டும். குறுக்கே வைத்தால் ஊடைப் பக்கம் இழுபட்டு வடிவம் கோணும். வளைவின் நடுவை அடையாளம் காட்டும் சிறு வெட்டுகளையும் பல அச்சுகள் சேர்த்தே போட்டுவிடும். குண்டூசி குத்தத் தொடங்குவது அங்கிருந்துதான். ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சு வாங்க வேண்டியிருப்பதால், வழக்கமல்லாத அளவு வேண்டுவோர் இன்றும் பிளாஸ்டிக் அளவுத் தகட்டையே வைத்து வெட்டுகிறார்கள்.