உயரத்தை அளக்கும் சட்டமும் வயதை மறைக்கும் கூரையும்



2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 31. இங்கிலாந்தில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கச் சில நாள்களே எஞ்சியிருந்தன. அன்று அந்நாட்டுக் கல்வித் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 104 பள்ளிகளும் கல்விக்கூடங்களும் தத்தம் கட்டடங்களை, அல்லது அவற்றின் ஒரு பகுதியை, உடனே மூட வேண்டும் என்பதே அவ்வறிவிப்பு. புயலோ வெள்ளமோ தீயோ அதற்குக் காரணமன்று. கூரைக்குள் இருந்த ஒருவகைக் கற்காரையே காரணம். 2024 பிப்ரவரிக்குள் அக்கற்காரை கண்டறியப்பட்ட கல்விக்கூடங்களின் எண்ணிக்கை 234 ஆக உயர்ந்தது.

இங்கிலாந்தின் கதை பினாங்கில் வாழும் நமக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். கட்டடத்தின் முதுமையை நாம் எவ்வாறு அளக்கிறோம், யாருடைய கட்டடத்தை அளக்காமல் விடுகிறோம் என்னும் கேள்விக்கு அக்கதையிலும் நம் மாநிலத்தின் வரலாற்றிலும் விடை இருக்கிறது. அதனை இப்பதிவில் காண்போம்.

அப்பம் போன்ற கற்காரை

நாம் பேச்சு வழக்கில் காங்கிரீட் என்று கூறும் கற்காரை, சிமெண்டு, மணல், சரளைக்கல், நீர் ஆகியவற்றின் கலவையாகும். ஒரு கன மீட்டர் கற்காரை ஏறத்தாழ 2,400 கிலோகிராம் எடை கொண்டது. இந்த எடையைக் குறைக்க இயலுமா என்று 1920களில் ஆராய்ந்தவர் சுவீடன் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஆக்செல் எரிக்சன். சுண்ணாம்பு கலந்த குழம்பில் அலுமினியத் தூளைச் சேர்த்தால் ஹைட்ரஜன் வாயு உண்டாகிக் குழம்பு பொங்கி எழும். அதனை உயர் அழுத்த நீராவியில் வேகவைத்தால் உள்ளே எண்ணற்ற குமிழிகளைக் கொண்ட இலேசான கற்காரை கிடைக்கும். இதில் சரளைக்கல் கிடையாது. நம் ஊர்ச் சாலையோரத்தில் விற்கப்படும் அப்பம் பாலிக்கை இரண்டாகப் பிட்டுப் பார்த்தால் உள்ளே எவ்வாறு துளைகள் தெரியுமோ, அவ்வாறே இதன் உட்புறமும் தோன்றும். எடையோ சாதாரணக் கற்காரையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்.

இக்கற்காரைக்குள் இரும்புக் கம்பிகளை வைத்து நீண்ட பலகைகளாக வார்த்தனர். 1950களின் நடுப்பகுதி முதல் இங்கிலாந்தின் பள்ளிகள், மருத்துவமனைகள் முதலிய பொதுக் கட்டடங்களில் தட்டைக் கூரைகளாக இப்பலகைகள் பரப்பப்பட்டன. விலை குறைவு, வேலையும் விரைவில் முடிந்தது. போருக்குப் பின் பள்ளிகள் பெருமளவில் தேவைப்பட்ட காலம் அது.

குறை எங்கே இருந்தது? சாதாரணக் கற்காரையின் காரத்தன்மை இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. குமிழிக் கற்காரை அத்தகைய காப்பைத் தருவதில்லை. எனவே கம்பிகளுக்குத் தார் முதலிய பூச்சு பூசப்பட்டது. பூச்சு கெட்டு, கூரையில் தேங்கிய நீரும் உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சாதாரணக் கற்காரையில் துரு பருத்து வெடிப்பை உண்டாக்கும். காரை பெயர்ந்து விழும். அதைக் கண்டு நாம் விழித்துக்கொள்வோம். குமிழிக் கற்காரையிலோ பருக்கும் துருவுக்கு அக்குமிழிகளே இடம் கொடுத்துவிடும். வெளியே எந்த அடையாளமும் தோன்றாமலே உள்ளே கம்பி தேய்ந்துபோகும்.

எச்சரிக்கை வந்தும் காலம் கடந்தது

இந்த ஆபத்து 2023இல் திடீரெனத் தெரியவந்த ஒன்றன்று. இங்கிலாந்தின் கட்டட ஆய்வு நிலையம் 1996லேயே, 1980க்கு முன் வடிவமைக்கப்பட்ட கூரைப் பலகைகள் மிகுதியாகத் தொய்வதையும் வெடிப்பதையும் பதிவு செய்தது. 2018இல் கெண்ட் மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் கூரை இடிந்து விழுந்தது. வார இறுதி நாளாக இருந்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. இடிவதற்கு முன் ஒரு நாள் அளவில்தான் அதன் அறிகுறிகள் தென்பட்டன. 2019 மே மாதத்தில் பொறியியல் பாதுகாப்புக் குழு நாடு முழுமைக்கும் எச்சரிக்கை விடுத்தது. அதன் பின்னரும் நான்கு ஆண்டுகள் கழிந்தே அந்த 104 பள்ளிகள் மூடப்பட்டன.

அந்நாட்டுக்கு இது முதல் பாடமும் அன்று. 1974 பிப்ரவரியில் இலண்டனின் ஸ்டெப்னி பகுதியிலுள்ள பள்ளியொன்றில் நீச்சல் குளத்தின் கூரை சரிந்தது. விரைவில் இறுகும் உயர் அலுமினாச் சிமெண்டால் செய்யப்பட்ட உத்திரங்கள் அக்கூரையைத் தாங்கி நின்றன. வெப்பமும் ஈரமும் நிறைந்த சூழலில் அச்சிமெண்டு உள்ளுக்குள் மாறி வலிமை இழந்திருந்தது. பிள்ளைகள் அப்போது அங்கில்லாதது நற்பேறு. கட்டும் நாளில் வலுவாக இருக்கும் பொருள் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பதை அந்நிகழ்வு காட்டியது.

பட்டர்வொர்த், 1988 சூலை 31

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். நாற்பது வயதைக் கடந்த பினாங்குக்காரர் எவரும் இந்நாளை மறந்திருக்க மாட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவும் ஜார்ஜ்டவுனில் சீனர்களின் குவான் யின் அம்மன் விழாவும் ஒருசேர வந்திருந்தன. பினாங்குப் பாலம் திறக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தாலும், எளிய மக்கள் தீவுக்குச் செல்லப் பெர்ரியையே நம்பியிருந்தனர். மாலை 4.30 மணியளவில் பட்டர்வொர்த்தின் சுல்தான் அப்துல் ஹாலிம் படகுத்துறையில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தபோது, அவர்கள் நின்றிருந்த மேல்தளம் இடிந்து கீழே விழுந்தது. 32 பேர் மாண்டனர்; 1,634 பேர் காயமுற்றனர். அதனை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

அங்கே இருந்தது குமிழிக் கற்காரை அன்று. அதனை நான் இங்கிலாந்துப் பள்ளிகளோடு பொருள்வகையில் ஒப்பிடவில்லை. ஒப்புமை வேறிடத்தில் உள்ளது. அப்படகுத்துறை வானளாவிய கட்டடமாக இருந்ததில்லை. தாழ்வான கட்டடம், பொதுமக்கள் திரளும் இடம், அன்றாடம் புழங்கியதால் எவரும் ஐயுறாத தளம். கெண்ட் பள்ளியும் ஸ்டெப்னி நீச்சல் குளமும் அவ்வாறானவையே.

இரு நாடுகள், இரு அளவுகோல்கள்

நமக்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே சிங்கப்பூர் ஒரு பேரிடரைச் சந்தித்தது. 1986 மார்ச் 15ஆம் நாள் நியூ வோர்ல்ட் தங்குவிடுதி என்னும் ஆறு மாடிக் கட்டடம் நொடிப்பொழுதில் சரிந்து 33 பேர் மாண்டனர். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பின்போது கணக்கில் சேர்க்கவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அதன்பின் 1989இல் இயற்றப்பட்ட கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்வழி, குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மற்றக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பொறியாளர் ஆய்வு செய்யும் முறையை அந்நாடு கொண்டுவந்தது. அதாவது, கட்டடத்தின் பயனை அளவுகோலாகக் கொண்டது.

நம் நாட்டில் 1993 டிசம்பர் 11ஆம் நாள் சிலாங்கூர், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் 12 மாடித் தொகுதி ஒன்று சரிந்து 48 பேர் உயிரிழந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு, 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 85ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. தகுதிச் சான்றிதழ் பெற்ற பத்தாம் ஆண்டில் கட்டடத்தை ஆய்வு செய்யுமாறு உரிமையாளரைக் கோரும் அதிகாரத்தை அப்பிரிவு உள்ளூராட்சி மன்றத்துக்கு வழங்கியது. முதலில் பொறியாளர் கண்ணால் பார்த்து ஆய்வார். ஐயம் எழுந்தால் முழுமையான கட்டமைப்பு ஆய்வு நடைபெறும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால், இப்பிரிவில் கட்டடம் என்பது ஐந்து மாடிக்கு மேற்பட்டது என்று வரையறுக்கப்பட்டது.

இவ்வரையறையைப் பினாங்கின் தெருக்களில் பொருத்திப் பாருங்கள். வானளாவிய கொம்தார் இதற்குள் அடங்கும். அதன் நிழலில் உள்ள ஈரடுக்குச் சந்தையும், மூன்று மாடிப் பள்ளியும், ஒற்றைத்தளச் சமூக மண்டபமும் அடங்கா. 32 உயிர்களைப் பலிகொண்ட படகுத்துறையைப் போன்ற கட்டடமும் அடங்காது. ஹைலண்ட் டவர்ஸ் தந்த பாடத்தை நம் சட்டம் கற்றது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் பட்டர்வொர்த் தந்த பாடத்தை அது கற்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாழ்ந்த கட்டடம் கொல்லாது என்பது தவறான நம்பிக்கை. 2021 டிசம்பர் 17ஆம் நாள் தமிழகத்தின் திருநெல்வேலியில் பள்ளியொன்றின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். அதன் பின்னரே மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்ந்து, பழுதானவற்றை இடிக்கும் பணி முடுக்கிவிடப்பட்டது.

அரசுக் கட்டடங்களை எவருமே பார்ப்பதில்லை என்று நான் கூற வரவில்லை. பொதுப்பணித் துறையிடம் கட்டட நிலையை மதிப்பிடும் வழிகாட்டி உண்டு. எனினும், வழிகாட்டி வேறு. இத்தனையாம் ஆண்டில் ஆய்வு நடந்தே தீர வேண்டும் என்னும் கட்டாயம் வேறு.

முதுமையை எவ்வாறு சோதிப்பது?

மனிதருக்கு இரத்தப் பரிசோதனை இருப்பதுபோல் கற்காரைக்கும் சோதனைகள் உண்டு.

1. தட்டிப் பார்த்தல். சிறு சுத்தியலால் தட்டும்போது திண்ணென்ற ஒலி வந்தால் நலம். பொள்ளென்று ஒலித்தால் உள்ளே காரை பிரிந்துள்ளது எனலாம்.

2. மீள்திறன் சுத்தியல். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கிய இக்கருவி, மேற்பரப்பில் மோதி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் கொண்டு கடினத்தை உணர்த்தும்.

3. பினோல்ப்தலீன் சோதனை. இடைநிலைப்பள்ளி அறிவியல் கூடத்தில் நாம் அறிந்த அதே கரைசல்தான். புதிதாக உடைத்த கற்காரையின்மீது தெளித்தால், காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத பகுதியில் காற்றிலுள்ள கரியமில வாயு புகுந்து காரத்தன்மையைப் போக்கிவிட்டது என்று பொருள். அங்கே கம்பிக்குக் காப்பு இல்லை.

4. உள்ளகம் எடுத்தல். உருளை வடிவில் ஒரு துண்டைத் துளைத்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் நசுக்கி அதன் வலிமையை அளப்பர். அதிலேயே உப்பின் அளவையும் காணலாம். கடற்காற்று வீசும் நம் தீவில் இது மிகவும் தேவை. ஏனெனில் உப்பு, கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

குமிழிக் கற்காரைப் பலகையாக இருந்தால், அது சுவரின்மீது எவ்வளவு அகலம் அமர்ந்துள்ளது என்பதையும் அளக்க வேண்டும். 75 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஆபத்து என்பது இங்கிலாந்துப் பொறியாளர்களின் கணிப்பு. நம் நாட்டில் இன்று சுவர் எழுப்பப் பயன்படும் கம்பியில்லா இலேசுக் கற்கள் வேறு. அவற்றைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

பழமைக்கும் புதுமைக்கும் இடையில்

2008ஆம் ஆண்டில் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நகரமானது. அது முதல் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டப்பட்ட பழங்கடைவீடுகளைப் போற்றிக் காக்கக் கற்றுக்கொண்டோம். புதிய அடுக்குமாடிகளுக்குச் சட்டத்தின் பார்வை உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே 1960களிலும் 1970களிலும் எழுந்த கற்காரைக் கட்டடங்கள் இருக்கின்றன. மரபு என்று கொண்டாடும் பழமையும் அவற்றுக்கு இல்லை. புதியவை என்று நம்பும் இளமையும் இல்லை. நம் பிள்ளைகள் படிக்கும் பல வகுப்பறைகள் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் பாடத்திட்டம் எழுதவும் பயிற்றுத் துணைப்பொருள் செய்யவும் கற்றோம். வகுப்பறையின் கூரையை அண்ணாந்து பார்க்க எவரும் கற்பிக்கவில்லை. பொறியாளரின் வேலையை நாம் செய்ய இயலாது, துளையிடவும் கூடாது. ஆயினும் நாள்தோறும் அவ்வறைக்குள் இருப்பவர்கள் நாமே. கூரையில் புதிய நீர்க்கறை, நீளும் வெடிப்பு, தொய்வு, திடீரென இறுகிய கதவு, பெயர்ந்து விழும் காரை, வெளித்தெரியும் கம்பி ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் நாளிட்டுப் படமெடுத்து, தலைமையாசிரியர்வழி எழுத்து வடிவில் தெரிவிக்கலாம். வெடிப்பின் முனையில் பென்சிலால் ஒரு கோடு இட்டுத் தேதி எழுதிவைத்தால், அது வளர்கிறதா என்பது அடுத்த மாதமே தெரிந்துவிடும்.

பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் வாரியங்களும் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கேட்கட்டும். நம் பள்ளிக் கட்டடம் எந்த ஆண்டில் கட்டப்பட்டது. பொறியாளர் ஒருவர் அதனைக் கடைசியாக ஆய்வு செய்தது எப்போது? இக்கேள்விக்கு ஆண்டும் கையொப்பமும் உள்ள விடை கிடைத்தால் மகிழ்வோம். கிடைக்காவிடில் அன்றே கடிதம் எழுதுவோம்.

உங்கள் பள்ளியில் கிடைத்த விடையை எனக்கும் எழுதுங்கள். மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.