ஏஐ கணக்கை ஒளி போட்டால் மின்செலவு குறையுமா? திருவனந்தபுரம் ஏன் கவனிக்க வேண்டும்?

திருவனந்தபுரத்துக்கு சிப் வடிவமைப்பு புதிதல்ல. சி-டாக்கின் 'வேகா' பிராசஸர்கள், ராக்கெட்டுகளுக்காக விஎஸ்எஸ்சி உருவாக்கிய 'விக்ரம் 3201', கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகம் 2024-ல் அறிவித்த 'கைரளி' ஏஐ சிப் என மூன்றும் இந்த ஊரில் உருவானவை. மூன்றுமே மின்சாரத்தில் கணக்குப் போடுபவை. ஆனால் ஏஐ கணக்குகளை ஒளியால் போடும் சிப்கள் இப்போது சோதனையில் இருக்கின்றன.

ஒளி எதற்கு?

காரணம் கரண்ட் பில்தான். உலகின் டேட்டா சென்டர்கள் 2024-ல் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரத்தைப் பயன்படுத்தின. 2030-ல் இது 945 ஆகலாம் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. தேவையான மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் கேரளத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

நியூரல் நெட்வொர்க் என்று பெரிதாகச் சொன்னாலும், உள்ளே நடப்பது பெரும்பாலும் பெருக்கலும் கூட்டலும்தான். கோடிக்கணக்கில் அதைச் செய்ய, எண்களை மெமரிக்கும் பிராசஸருக்கும் இடையே ஓயாமல் நகர்த்த வேண்டும். மின்சாரமும் சூடும் அங்கேதான் ஏறுகின்றன.

எப்படி வேலை செய்கிறது?

கோவளம் கடற்கரையில் இரண்டு அலைகள் சந்திப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேடும் மேடும் சேர்ந்தால் அலை உயரும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் அடங்கிவிடும். ஒளியும் அலைதான். சிப்பில் ஒரு கதிரை இரண்டு பாதைகளாகப் பிரித்து, ஒரு பாதையை லேசாகச் சூடாக்கினால் அந்த அலை சற்றுத் தள்ளிப்போகும். இரண்டும் மறுபடி சேரும்போது எவ்வளவு ஒளி வெளியே வருகிறதோ, அதுதான் பெருக்கலின் விடை. இப்படிப் பல அமைப்புகளை வலை போலக் கோத்தால், ஒளி கடந்து போகும் நேரத்திலேயே மொத்தக் கணக்கும் முடிந்துவிடும். ஒரே பாதையில் பல நிற ஒளிகளை ஒரே சமயத்தில் அனுப்பவும் முடியும்.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

இது 1985-லேயே ஆய்வகத்தில் செய்து பார்க்கப்பட்ட யோசனை. 2017-ல் எம்ஐடி ஆய்வாளர்கள், இத்தகைய 56 அமைப்புகள் கொண்ட சிப்பிடம் உயிரெழுத்து ஒலிகளை அடையாளம் காணச் சொன்னார்கள். அது 76.7% சரியாகச் சொன்னது. சாதாரண கம்ப்யூட்டரோ 91.7%.

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் லைட்மேட்டர் நிறுவனம், நொடிக்கு 65.5 லட்சம் கோடி கணக்குகள் போடும் ஒளி பிராசஸரை 'நேச்சர்' இதழில் விவரித்தது. அதற்குத் தேவைப்பட்ட மின்சாரம் 78 வாட், ஒளி வெறும் 1.6 வாட்.

அப்போ சிக்கல் எங்கே?

அந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. கணக்கை ஒளி போட்டாலும், எண்களை ஒளியாக மாற்றுவது, விடையைத் திரும்ப எண்ணாக்குவது, சேமித்து வைப்பது எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் வேலை. செலவும் அங்கேதான். ஒளி அமைப்புகள் டிரான்சிஸ்டரைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் சிப்பில் நெருக்கி அடுக்க முடியாது. வெப்பம் சற்று மாறினாலும் விடை பிசகும்.

அதனால் ஒளி முதலில் வருவது சிப்களுக்கு இடையே தகவல் கொண்டுசெல்லத்தான். என்விடியா 2025 மார்ச்சில் அறிவித்த ஒளி வழி நெட்வொர்க் சுவிட்சுகள் அந்த வகை.

இங்கே என்ன வாய்ப்பு?

ஐஐடி மெட்ராஸில் மத்திய அரசு ஆதரவுடன் சிலிக்கான் போட்டானிக்ஸ் மையம் இயங்குகிறது. கொச்சி குசாட்டில் ஒளியியலுக்கென்றே தனிப் பள்ளி உண்டு. டெக்னோபார்க்குக்குப் பக்கத்திலேயே, காரியவட்டம் வளாகத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஆப்டோஎலக்ட்ரானிக்ஸ் துறை இருக்கிறது. ஒளி சிப் என்றாலும் அதைச் சுற்றி மின்னணு சிப் வேண்டும். இரண்டையும் பேச வைக்கும் ஆட்களும் வேண்டும். சிப் வடிவமைப்பும் ஒளியியலும் ஒரே ஊரில் இருப்பது திருவனந்தபுரத்துக்குச் சாதகம்.

இனி 'ஒளி வேக ஏஐ சிப்' என்று அறிவிப்பு வந்தால், வேகத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: லேசர், மாற்றிகள், மெமரி எல்லாம் சேர்த்து ஒரு கணக்குக்கு எவ்வளவு மின்சாரம்? கரண்ட் பில் குறையுமா என்பதை அந்த எண்தான் சொல்லும்.