சூளைக்குள் உருகாத இரும்பு

 

போன கிழமை பதினோராம் தர விஞ்ஞானப் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: “ரீச்சர், சிமெந்துச் சூளைக்குள்ள 1450 பாகை என்று சொல்லுறீங்கள். அப்ப சூளையின்ர இரும்பு உருகாதோ?” வகுப்பில் முழுதாகச் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் 1950 இல் காங்கேசன்துறையில் சிமெந்துத் தொழிற்சாலை தொடங்கியது. அந்த நாளில் கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம். கல் இங்கிருந்து, களி முருங்கனிலிருந்து. இரண்டையும் அரைத்துச் சூளைக்குள் விடுவார்கள். சூளை என்பது சற்றுச் சாய்வாகப் படுத்தபடி மெல்லச் சுழலும் நீண்ட உருக்குக் குழாய். மேல் முனையால் கலவை போகும், கீழ் முனையில் நெருப்பு. கலவை 1450 பாகை செல்சியஸை எட்டும்போது கிளிங்கர் உருண்டைகளாகும். அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெந்து.

இரும்பு 1538 பாகையில்தான் உருகும். ஆனால் அதற்கு வெகு முன்னரே இளகி வளைந்துவிடும். ஆகவே குழாயின் உட்புறம் முழுக்கத் தீக்கல் பதிப்பார்கள். குழாயைக் காப்பது அந்தக் கல்தான்.

கல் பதிக்க முடியாத இடங்களும் உண்டு. அங்கே தீக்காரையைப் பிடித்து வைக்கும் கொளுக்கிகள், நெருப்புக் குழாயின் நுனி, கிளிங்கரை ஆறவைக்கும் தட்டுகள் போன்றவற்றுக்குச் சாதாரண இரும்பு உதவாது. சிவக்கக் காய்ந்தால் அதன் மேல் கருஞ்செதில் படிந்து உதிரும். உதிர உதிர இரும்பு தேயும்.

இதற்கு விடை ஐரோப்பாவில் கிடைத்தது. 1912 இல் ஜேர்மனியின் குருப் நிறுவனம் குரோமியமும் நிக்கலும் கலந்த உருக்குக்குக் காப்புரிமை கோரியது. 1913 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹரி பிரயர்லி குரோமிய உருக்கு ஒன்றை வார்த்தார். அவர் தேடியது சமையல் பாத்திரத்துக்கான உலோகத்தை அல்ல. வெப்பத்தில் அரித்துப்போகாத துப்பாக்கிக் குழலை!

எங்கள் வீட்டு எவர்சில்வரில் ஏறத்தாழ 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். சூளைக்கு ஏற்ற 310 என்ற தரத்தில் 25 வீதம் குரோமியம், 20 வீதம் நிக்கல். குரோமியம் ஒட்சிசனோடு சேர்ந்து மெல்லிய, இறுக்கமான தோலொன்றை உண்டாக்கும். தோல் கீறுப்பட்டாலும் உள்ளிருக்கும் குரோமியம் மறுபடி மூடிவிடும். வெறும் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டால் அதில் பொன்னிறமும் நீலமும் படரும், பார்த்திருப்பீர்கள். அந்தத் தோல் தடிப்பதுதான் அது. நிக்கல், சூட்டிலும் உலோகத்தின் உள்ளமைப்பு மாறாமல் வைத்திருக்கும். இதனால் 310 ஏறத்தாழ 1100 பாகை வரை தாங்கும்.

அதற்கும் பலவீனம் உண்டு. 600 முதல் 900 பாகைக்குள் நெடுநாள் இருந்தால் நொறுங்கும் தன்மை வரும். கந்தகப் புகை ஆகாது. சூட்டில் அதிகம் விரியும். அதனால் கொளுக்கி நுனியில் தார் பூசியோ பிளாஸ்டிக் மூடி போட்டோ காரைக்குள் வைப்பார்கள். முதல் நெருப்பில் அது எரிந்துபோக, உலோகம் விரிய இடம் கிடைக்கும். காரை வெடிக்காது.

1990 இல் போரினால் காங்கேசன்துறைச் சூளை அணைந்தது. அதே ஆண்டு தெல்லிப்பழைச் சனமும் ஊரை விட்டுப் போனது. ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நாங்களும் வெளியேற்றப்பட்டோம். நான் கைக்குழந்தை. வளர்ந்தது புத்தளத்தில். அங்கேயும் ஒரு சிமெந்துத் தொழிற்சாலை. அருவக்காட்டுக் கல்லை ரயில் பாலாவிக்குக் கொண்டுபோகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் வாப்பா, “எங்கட ஊரிலயும் ஒண்டு இருந்தது” என்பார். இன்று நான் படிப்பிக்கும் பிள்ளைகளும் அதே வார்த்தையைத்தான் பெரியவர்களிடம் கேட்டு வளர்கிறார்கள். இருந்தது என்று தெரியும். எப்படி வேலை செய்தது என்று தெரியாது.

310 இன் குணங்கள் எல்லாம் புத்தகத்தில் உண்டு. ஆனால் இரவு முறையில் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூளையின் நிலையைச் சொன்ன கண்கள் புத்தகத்தில் இல்லை. அங்கே வேலை செய்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது.

உங்கள் வீட்டில் அப்படி ஓர் அப்பப்பாவோ அம்மப்பாவோ இருந்தால், இந்த விடுமுறைக்குள் பிள்ளையை ஒரு கொப்பியோடு பக்கத்தில் இருத்துங்கள். எந்தப் பகுதியில் வேலை செய்தார், எந்தப் பாகத்தை என்ன பெயரால் சொன்னார்கள், சூளையை அணைத்துத் திரும்ப மூட்ட எத்தனை நாள் எடுத்தது என்று கேட்டு எழுதட்டும். எழுதியதைக் கொண்டுவந்து தாருங்கள். வகுப்பில் வாசிப்போம்.