கூரை முந்தியது, சட்டம் பிந்தியது

கணவனால் வதைக்கப்பட்ட பெண்ணொருத்தியைப் பற்றிய செய்தி பத்திரிகையில் வெளிவரும் போதெல்லாம் வாசகர்களிடமிருந்து தவறாமல் எழும் வினா ஒன்றுண்டு. "இவ்வளவு காலமும் அந்த வீட்டில் அவள் ஏன் இருந்தாள்?" என்பதே அது. செய்தி மேசையில் பல்லாண்டுகளைக் கழித்தவன் என்ற வகையில் இவ்வினாவை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இதற்குரிய விடையும் ஒரு வினாதான்: "வேறெங்கே போவது?" இந்த இரண்டாவது வினாவுக்கு அரசாங்கமோ நீதிமன்றமோ விடை காணுமுன், அயலிற் கூடிய சில பெண்கள் தாமாகவே விடை கண்டனர். அந்த வரலாற்றை அறிந்திருப்பது நமக்கும் பயனுடையது.

ஒருவனுடைய வீடு அவனுடைய கோட்டை என்பது ஆங்கிலேயரின் பழமொழி. அக்கோட்டைக்குள் அகப்பட்டவளின் நிலையை வெளியுலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் பிரான்சஸ் பவர் கொப் என்ற எழுத்தாளர் முக்கியமானவர். இங்கிலாந்தில் மனைவியர் படும் வதை பற்றிய அவருடைய கட்டுரை 1878இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. மனைவியைக் கடுமையாகத் தாக்கிய குற்றத்துக்காகக் கணவன் தண்டிக்கப்பட்டால், அவள் அவனைப் பிரிந்து வாழவும் அவனிடமிருந்து பராமரிப்புப் பணம் பெறவும் நீதவான் கட்டளையிடலாம் என அச்சட்டம் கூறியது.

பிரிந்து வாழலாம் என்று சொன்ன சட்டம், எங்கே வாழ்வது என்று சொல்லவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் இந்த இடைவெளி நிரப்பப்படாமலே கிடந்தது. அடிபட்டு வெளியேறிய பெண் உள்ளூராட்சிச் சபையின் வீடமைப்புப் பிரிவை நாடினால், அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது, கணவன் வாழும் அந்த வீட்டுக்கே அவள் திரும்பலாம் என்பதே பெரும்பாலும் கிடைத்த பதிலாகும்.

1971ஆம் ஆண்டில் இலண்டனின் மேற்கே சிசிக் என்ற பகுதியில் எரின் பிஸியும் அவருடைய தோழியரும் ஒரு சிறு வீட்டைப் பெற்றனர். இடிப்பதற்கென ஒதுக்கப்பட்டிருந்த அவ்வீட்டை ஹவுன்ஸ்லோ உள்ளூராட்சிச் சபை பெயரளவிலான வாடகைக்கு அவர்களிடம் கொடுத்தது. வீட்டுக்குள் தனிமைப்பட்டிருந்த தாய்மார் பிள்ளைகளோடு வந்து கூடிப் பேசுவதற்கான ஓர் இடமாகவே அது திட்டமிடப்பட்டது. ஆனால் உடலிற் காயத்தோடு வந்த பெண்கள், மாலையானதும் வீடு திரும்ப மறுத்தனர். கூடிப் பேசும் இடம் படுத்துறங்கும் இடமாயிற்று. தரையில் மெத்தைகள் விரிக்கப்பட்டன. சமையலையும் பிள்ளைப் பராமரிப்பையும் அங்கு தங்கியிருந்த பெண்களே பகிர்ந்துகொண்டனர். வருபவர் எவரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பதே அவ்வீட்டின் தலையாய விதியாக இருந்தது.

கதவு திறந்த பின்னரே உள்ளே இருந்தவர்களின் தொகை நாட்டுக்குத் தெரியவந்தது. 1973இல் ஜக் அஷ்லி என்ற தொழிற் கட்சி உறுப்பினர் இப்பிரச்சினையைப் பாராளுமன்றத்தில் எழுப்பினார். செவிப்புலனை முற்றாக இழந்திருந்த ஒருவரே அப்பெண்களின் குரலை அச்சபைக்குக் கொண்டுசென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. 1975இல் பாராளுமன்றத் தெரிவுக்குழு ஓர் அளவுகோலையும் முன்வைத்தது. 10,000 பேர் கொண்ட சனத்தொகைக்கு ஒரு குடும்பம் தங்குவதற்கான அடைக்கல இடம் இருத்தல் வேண்டும் என்பதே அப்பரிந்துரை.

இதற்கிடையில் சிசிக் பெண்கள் அதே பகுதியில் பெரியதொரு வீட்டுக்கு மாறியிருந்தனர். அங்கும் இடம் போதவில்லை. 36 பேருக்கு மேல் தங்கலாகாது எனச் சபை பணித்திருந்த அவ்வீட்டில் 75 பேர் தங்கியிருப்பது பரிசோதனையின்போது தெரியவந்தது. எரின் பிஸி மீது வழக்குத் தொடரப்பட்டது. அங்கு வாழ்வோர் அனைவரும் ஒரே குடும்பம் போன்றவர்கள், ஆகவே பல குடும்பங்கள் வாழும் வீடுகளுக்குரிய அவ்விதி தமக்குப் பொருந்தாது என்பது அவர் தரப்பு வாதம். வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றமாக அப்போது விளங்கிய பிரபுக்கள் சபை வரை சென்றது. 1977இல் அவ்வாதம் நிராகரிக்கப்பட்டது. நெரிசலும் தீ அபாயமும் மெய்யானவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் முப்பத்தேழாவது ஆளாக நள்ளிரவில் கதவைத் தட்டுபவளை எங்கே அனுப்புவது என்ற வினாவுக்கு அந்த விதியில் இடமிருக்கவில்லை.

வரலாற்றின் விசித்திரம் என்னவெனில், அதே வீட்டிலிருந்து மற்றொரு வழக்கும் அதே மன்றத்தை அடைந்தது. தன் துணைவனின் கொடுமை தாங்காது சிறு மகளோடு அங்கு வந்து அடைக்கலம் புகுந்த ஓர் இளம் பெண்ணின் வழக்கு அது. சபைக்குச் சொந்தமான அவர்களுடைய குடியிருப்பு இருவர் பெயரிலும் வாடகைக்குப் பெறப்பட்டது. இருவரும் மணம் முடித்தவர்களும் அல்லர். வன்முறை புரிபவரை வீட்டிலிருந்து விலக்கிவைக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரமளிக்கும் சட்டம் 1976இல் நிறைவேறியிருந்தது. எனினும் சொத்துரிமை உடைய ஒருவனை அவ்வாறு விலக்கலாமா என்பதில் நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு நிலவியது. விலக்கலாம் என்று பிரபுக்கள் சபை 1978இல் தீர்ப்பளித்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் மனைவி பிரிந்து செல்லலாம் என்றது சட்டம். இப்போது அடித்தவன் வெளியேறட்டும் என்றது. வன்முறைக்கு அஞ்சி வெளியேறியவர்களை வீடற்றோராகக் கருதும் கடப்பாட்டை 1977ஆம் ஆண்டின் சட்டம் உள்ளூராட்சிச் சபைகள் மீது சுமத்தியது.

இது இங்கிலாந்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. சிட்னி நகரின் கிளீப் பகுதியில் ஆங்கிலிக்கன் திருச்சபைக்குச் சொந்தமான இரு வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன. 1974 மார்ச் 16ஆம் திகதி ஆன் சம்மர்ஸ் உள்ளிட்ட பெண்கள் சிலர் அவற்றுள் புகுந்து பூட்டுகளை மாற்றித் துப்புரவு செய்து குடியேறினர். ஒரு வீட்டின் பெயர் எல்சி. அப்பெயரே அவுஸ்திரேலியாவின் அடைக்கல இல்ல வரலாற்றில் நிலைத்துவிட்டது. விட்லம் அரசாங்கத்தின் நிதியுதவி மறு ஆண்டிலேயே வந்தது.

இந்த இயக்கத்தைக் குறையற்றதாகக் காட்டுவது என் நோக்கமன்று. பிரித்தானியாவின் ஏனைய அடைக்கல இல்லங்கள் 1974இல் அமைத்த சம்மேளனத்தோடு எரின் பிஸி விரைவிலேயே முரண்பட்டார். பின்னாளில் அவர் வெளியிட்ட கருத்துகளைப் பெண்ணிலைவாதிகள் பலர் ஏற்கவில்லை. ஆனால் அவர் விலகிய பின்னரும் இல்லங்கள் நின்றன. சிசிக் அமைப்பு இன்று ரெஃபியூஜ் என்ற பெயரில் நாடளாவியதாக இயங்குகிறது.

நமது நாட்டிலும் இதே ஒழுங்கையே காண்கிறோம். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் விமன் இன் நீட் அமைப்பு 1987இல் தோன்றியது. வீட்டு வன்முறையைத் தடுக்கும் 34ஆம் இலக்கச் சட்டம் 2005இலேயே வந்தது. இடைப்பட்ட காலம் 18 ஆண்டுகள். பன்னிரண்டு மாதங்கள் வரை செல்லுபடியாகும் பாதுகாப்புக் கட்டளையை நீதவான் வழங்கலாம். பாதிக்கப்பட்டவர் எழுத்தில் கோரினால், இடத்தின் இரகசியம் பேணி அவரை அடைக்கல இல்லமொன்றில் தங்கவைக்கவும் கட்டளையிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டளை கடதாசியில் உள்ளது. கட்டில் ஓர் வீட்டில் இருக்க வேண்டும். புகுந்த வீட்டிலிருந்து திரும்பியவளுக்கு 'வாழாவெட்டி' என்று பெயர் சூட்டும் சமூகத்தில், பிறந்த வீட்டுக் கதவும் எல்லோருக்கும் திறப்பதில்லை.

1975ஆம் ஆண்டின் அந்த அளவுகோலை இங்கு பொருத்திப் பாருங்கள். வட மாகாணத்தின் சனத்தொகை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பத்து இலட்சத்தைச் சற்றுத் தாண்டியது. அதற்கு நூறு குடும்பங்கள் தங்கும் இடம் வேண்டும். "ஏன் அந்த வீட்டில் இருந்தாள்?" என்று கேட்பதற்கு முன், உங்கள் மாவட்டத்தில் அத்தகைய இடங்கள் எத்தனை உள்ளன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.