தரவு மையம்: ஒரு சர்வர் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது?

ஸ்கூடாய்க்கு வடக்கே கூலாய், செடெனாக். தென்மேற்கே இஸ்கண்டார் புத்ரி. இரு பக்கமும் டேட்டா சென்டர் எனப்படும் தரவு மையங்கள் எழுந்து வருகின்றன. சிங்கப்பூர் 2019-இல் புதிய மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இத்திட்டங்கள் பற்றிய செய்திகளில் "100 மெகாவாட்" போன்ற எண்கள் வருகின்றன. அது எவ்வளவு என்பதை நம் வீட்டு மின்கட்டண ரசீதை வைத்தே கணக்கிடலாம்.

ஒரு சர்வரின் கணக்கு

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 கிலோவாட் மணி, அதாவது ஒரு யூனிட் செலவாகும். ரேக்கில் அடுக்கப்படும் சாதாரண சர்வர் ஒன்று சராசரியாக 500 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டு ஏர்கோனை இரவில் மட்டும் போடுகிறோம். சர்வருக்கோ 24 மணி நேரமும் வேலை. 30 நாளில் 360 யூனிட் ஆகிவிடும்.

செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்கள் இதைவிடப் பன்மடங்கு இழுப்பவை. என்விடியாவின் டிஜிஎக்ஸ் எச்100 சர்வர் அதிகபட்சம் 10.2 கிலோவாட் எடுக்கும். மாதம் முழுவதும் அதே அளவில் ஓடினால் 7,344 யூனிட். மாதம் 600 யூனிட் பயன்படுத்தும் 12 வீடுகளுக்கு இது போதும்.

குளிரூட்டும் செலவு

சர்வருக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அதை வெளியேற்றவும் மின்சாரம் வேண்டும். மையத்தின் மொத்த மின்சாரத்தைக் கணினிக் கருவிகளுக்கு மட்டும் செல்லும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது பி.யு.இ. விகிதம். அது 1.4 என்றால், கருவிகளுக்கு 100 யூனிட் தர மையம் 140 யூனிட் வாங்குகிறது. 2022-இல் மீண்டும் அனுமதி வழங்கத் தொடங்கிய சிங்கப்பூர், 1.3-ஐத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை விதித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீரை ஆவியாக்கிக் குளிரூட்டினால் மின்செலவு குறையும்; ஆனால் தண்ணீர்ச் செலவு கூடும். ஆகவே பி.யு.இ. குறைவு என்பதை மட்டும் பார்த்து ஒரு மையத்தைச் சிக்கனமானது என்று சொல்லிவிட முடியாது.

100 மெகாவாட் என்றால்?

100 மெகாவாட் இடைவிடாமல் ஓடினால் மாதம் 7 கோடியே 20 லட்சம் யூனிட். இது 600 யூனிட் வீதம் 1 லட்சத்து 20 ஆயிரம் வீடுகளின் பயன்பாடு. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் இருந்து வருகிறது. நமக்குப் பக்கத்திலுள்ள பொந்தியான் மாவட்டத்தின் தஞ்சோங் பின் நிலையமும் நிலக்கரியில்தான் ஓடுகிறது.

குடியிருப்பாளர்கள் கேட்க வேண்டியவை

ஜோகூர் அரசு 2024-இல் தரவு மையங்களுக்கான ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தது. வந்த விண்ணப்பங்களில் ஏறக்குறைய 30 விழுக்காடு நிராகரிக்கப்பட்டதாக அவ்வாண்டு நவம்பரில் தெரிவிக்கப்பட்டது. புதிய மையம் வருவதாகச் செய்தி வந்தால், நாமும் நான்கு கேள்விகள் கேட்கலாம்:

• சொல்லப்படும் மெகாவாட் சர்வர்களுக்கு மட்டுமா, மையம் முழுமைக்குமா?
• ஆண்டுச் சராசரி பி.யு.இ. எவ்வளவு?
• நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை? அது குடிநீரா, மறுசுழற்சி நீரா?
• புதிய துணை மின்நிலையத்துக்கும் மின்கம்பிகளுக்கும் ஆகும் செலவு யாருடையது?

வேலைவாய்ப்பும் முதலீடும் வரவேற்கத்தக்கவைதான். ஆனால் மின்சாரமும் தண்ணீரும் நம் வீடுகளுக்கும் வர வேண்டியவை. அதனால் இந்த நான்கு பதில்களும் பொதுமக்களுக்குத் தெரிய வேண்டும்.