வளையிலிருந்து இழுத்த பாம்பும் சதுப்பிலிருந்து அகற்றிய பாம்பும்

அமெரிக்காவில் தோலுக்காக உரிக்கப்படும் பாம்புகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, டெக்சாஸின் வறண்ட பாறை நிலத்தில் காலங்காலமாக வாழும் கிலுகிலுப்பைப் பாம்பு. மற்றொன்று, புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் வந்தேறிப் பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்பு. இரண்டின் தோலும் பெல்ட்டாகவும் பணப்பையாகவும் பூட்ஸாகவும் விற்பனைக்கு வருகிறது. கொன்ற உயிரை வீணாக்கவில்லை என்ற ஒரே நியாயம்தான் இரண்டு இடத்திலும் சொல்லப்படுகிறது. அந்த நியாயம் ஓரிடத்தில் நிற்கிறது, இன்னோரிடத்தில் நிற்கவில்லை என்பது என் கருத்து.

வேலையின் பக்குவத்திலிருந்து தொடங்கலாம். கிலுகிலுப்பைப் பாம்பின் தலையை வெட்டியதும் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. துண்டான தலை ஒரு மணி நேரம் கழித்தும் கடிக்கும், விஷத்தையும் இறக்கும். 2018இல் டெக்சாஸில் தன் தோட்டத்தில் பாம்பை வெட்டிய ஒருவர், தலையைக் கையில் எடுத்தபோது கடிபட்டார். அவரைக் காப்பாற்ற 26 டோஸ் விஷமுறிவு மருந்து தேவைப்பட்டது. அதனால்தான் அனுபவசாலிகள் தலையைத் தொடாமல் முதலில் ஆழமாகப் புதைத்துவிடுகிறார்கள். பிறகு வயிற்றுப் பக்கம் கழுத்திலிருந்து வால்வரை கீறினால் தோல் எளிதாகக் கழன்று வரும். முதுகில் இருக்கும் வைர வடிவக் கோலம்தான் விலை பெறுவது என்பதால் கத்தி முதுகுப் பக்கம் போவதில்லை. உட்புறம் ஒட்டிய சதையையும் சவ்வையும் சுரண்டி எடுத்து, கிளிசரினும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவையில் சில நாள் ஊறவைப்பார்கள். அப்படிச் செய்தால் தோல் மடங்கும் பதத்தில் நிற்கும். தொப்பிப் பட்டைக்கு அது போதும்.

இறைச்சி கொஞ்சம்தான் தேறும். கொழுப்பில்லாத வெள்ளைச் சதை, அதனூடே நெருக்கமாக விலா எலும்புகள். துண்டுகளை உப்புநீரில் ஊறவைத்து, மாவில் புரட்டி எண்ணெயில் பொரிப்பதே டெக்சாஸ் வழக்கம். எலும்பைப் பார்த்துப் பார்த்துத்தான் தின்ன வேண்டும். நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. மெக்சிகோ நாட்டு மருத்துவத்தில் இந்தப் பாம்பின் உலர்ந்த சதைத்தூளைக் குப்பியில் அடைத்து மருந்தாக விற்கிறார்கள். அதை விழுங்கியவர்களுக்குச் சால்மோனெல்லா தொற்று வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

மலைப்பாம்பை உரிப்பதும் இதே வேலைதான், அளவு மட்டுமே பெரிது. 2023இல் பிடிபட்ட ஒன்று 19 அடி நீளம். கோலம் நடுவில் வர வேண்டுமென்றால் வயிற்றைக் கீறுவார்கள். அகன்ற வயிற்றுச் செதில்கள் நடுவில் வர வேண்டுமென்றால் முதுகைக் கீறுவார்கள். ஆனால் இறைச்சியில் டெக்சாஸின் கதை இங்கே செல்லாது. மழையோடு இறங்கும் பாதரசத்தை எவர்கிளேட்ஸ் சேற்றின் நுண்ணுயிர்கள் உடலில் தங்கும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் பறவைக்கும் ஏறி, எல்லாவற்றையும் விழுங்கும் மலைப்பாம்பில் அது குவிகிறது. சமைத்தாலும் பாதரசம் போகாது. புளோரிடா அரசு அந்த இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. எனவே அங்கே கிடைக்கும் பயன் தோல் மட்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் கிலுகிலுப்பைப் பாம்புதான் முழுமையாகப் பயன்படுகிறது. வாலின் கிலுகிலுப்பைகூடச் சாவிக்கொத்தாகிறது. அப்படியிருந்தும் நான் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன்.

டெக்சாஸின் ஸ்வீட்வாட்டர் ஊரில் 1958 முதல் ஒவ்வொரு மார்ச்சிலும் பாம்பு திரட்டும் விழா நடக்கிறது. கால்நடைக்கும் மனிதருக்கும் ஆபத்து என்ற பண்ணையாளர்களின் அச்சத்தில்தான் அது தொடங்கியது. விழாவில் சேரும் பணத்தில் ஒரு பகுதி அறப்பணிகளுக்குப் போகிறது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2016இல் அங்கே ஏறத்தாழ 24,000 பவுண்டு எடைக்குப் பாம்புகள் வந்து குவிந்தன. அத்தனையும் யார் வீட்டு வாசலிலும் படுத்திருந்தவை அல்ல. குளிர்காலத்துக்கு ஒடுங்கிக் கிடந்த பாறை இடுக்குகளிலிருந்து வெளியே இழுக்கப்பட்டவை. அதற்கு வளைகளுக்குள் பெட்ரோல் புகையைச் செலுத்தும் வழக்கம் உண்டு. பாம்புக்கு மட்டுமல்ல, அதே இடுக்கில் ஒண்டியிருக்கும் மற்ற சிற்றுயிர்களுக்கும் அது நஞ்சு. இதைத் தடைசெய்ய மாநில வனவிலங்குத் துறை யோசித்து, எதிர்ப்பு வந்ததும் விட்டுவிட்டது. எடைக்கு விலை உண்டு, பரிசு உண்டு, உரிப்பதைப் பார்க்கக் கூட்டம் உண்டு. குழந்தைகள் இரத்தத்தில் கை நனைத்துச் சுவரில் பதிக்கிறார்கள். வயலில் எலியைத் தின்று கட்டுக்குள் வைக்கும் ஓர் உயிர், சந்தை இருப்பதால் கொல்லப்படுகிறது. தோலும் இறைச்சியும் அந்தக் கொலைக்குப் பின்னால் தேடிய சமாதானம்.

புளோரிடாவில் வரிசை தலைகீழ். வளர்ப்புப் பிராணி வணிகத்தில் வந்து, தப்பியும் கைவிடப்பட்டும் காட்டுக்குள் போன மலைப்பாம்புகளால் உள்ளூர் விலங்குகள் அழிந்தன. எவர்கிளேட்ஸ் சாலைகளில் கண்ணில் படும் ரக்கூன்கள் 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே பாம்பை அகற்றியே ஆக வேண்டும். அகற்றியபின் தோலைக் குழியில் போடாமல் பதப்படுத்துவது செத்த உயிருக்குச் செய்யும் மரியாதை.

பாம்பை அகற்றும் இந்தப் பணிக்கு 2017இல் செங்கல்பட்டுப் பகுதியின் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டார்கள். முதல் இரண்டு வாரத்தில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களுடைய முன்னோரின் பிழைப்பே பாம்புத்தோல் வணிகம்தான். வனவிலங்குச் சட்டம் அதை நிறுத்தியபின், 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்து, பாம்பை மீண்டும் காட்டில் விடும் தொழிலைத் தந்தது. பாம்பைக் கொல்லாமலும் அதனால் சோறு உண்ணலாம் என்று காட்டியவர்கள் அவர்கள்.

ஸ்வீட்வாட்டருக்கும் வழி உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் கிளாக்ஸ்டன் ஊர் 2012இல் தன் திரட்டு விழாவைக் கைவிட்டு, உயிருள்ள பாம்புகளைக் காட்டி விளக்கும் வனவிலங்கு விழாவாக மாற்றிக்கொண்டது. ஸ்வீட்வாட்டரும் அதைச் செய்ய வேண்டும். வாசலுக்கு வந்த பாம்பை வேறு வழியின்றிக் கொன்ற பண்ணையாளர் அதன் தோலை உரித்துச் சதையைப் பொரித்தால் அதில் குறை காண மாட்டேன்.

அமெரிக்காவுக்குப் போகும் நம்மவர்கள் பாம்புத்தோல் பொருளைக் கையில் எடுத்தால், எந்தப் பாம்பு, எங்கே பிடித்தது என்று கேளுங்கள். பர்மா மலைப்பாம்பு தன் சொந்த மண்ணான ஆசியக் காடுகளில் இதே தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகி வருகிறது. அதனால் புளோரிடாவில் பிடித்ததே ஆனாலும், அதன் தோலை வேறு நாட்டுக்கு அனுப்பி விற்க, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தப்படி அனுமதி வேண்டும்.