எஞ்சியோர் உரிமை

கூட்டுச் சொத்தில் ஒருவர் மறைந்தால் அவர் பங்கு யாரைச் சேரும்? பிரியாத குடும்பத்தில் எஞ்சிய ஆண் பங்காளிகளையே சேரும் என்றது மிதாட்சர நெறி. விதவைக்கு நெடுங்காலம் ஜீவனாம்சமே மிஞ்சிற்று. 1937ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்கு வாழ்நாள் உரிமை தந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தமோ இந்தியாவில் எஞ்சியோர் உரிமையையே அகற்றிற்று.

இலங்கையிலும் இந்நெறி வழக்காடப்பட்டதுண்டு. அருணாசலஞ் செட்டியார் குடும்பத்தில் மகன் 1934இலும் தந்தை 1938இலும் மறைந்தனர். அரசு மரண வரி கேட்டது. ஆண் ஒருவரே எஞ்சினும், தத்தெடுப்பால் குடும்பத்தைத் தழைக்கச் செய்ய வல்ல விதவைகள் உள்ளவரை பிரியாக் குடும்பம் அழிவதில்லை என 1957இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது.

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் கதை வேறு. வடமாகாணத் தமிழர்க்குரிய தேசவழமை மலையகத் தமிழரைக் கட்டுப்படுத்துவதில்லை. அவர்க்குப் பொதுச் சட்டமே உரியது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரண சாசனமின்றி இறந்தவரின் சொத்திற் பாதி வாழ்க்கைத் துணையைச் சேரும். அக்காலத் தமிழகத்து விதவை பெறாத உரிமையைக் கொழுந்து பறித்த பெண் பெற்றிருந்தாள். ஆயின் உரிமை இருந்தது, சொத்து இல்லை. லயத்து அறை தோட்டத்துக்கே உரியது. கணவன் மறைந்தபோது பங்கிட ஓர் அடி நிலமும் இருந்ததில்லை.

தனி வீட்டுக்கென 7 பேர்ச் காணி வழங்கும் திட்டம் மிகப் பிற்காலத்தில் வந்தது. இன்றும் பல குடும்பங்கள் காணி உறுதிக்குக் காத்திருக்கின்றன. உறுதி கைக்கு வரும் நாளிலேதான், எஞ்சியவர் யார், பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கே அங்கு பொருள் பிறக்கும்.